திரை உடைந்த மடிக்கணினி

தனுஷிகாவின் பழைய மடிக்கணினி ஒரு செவ்வாய்க்கிழமை காலை பேசுவதை நிறுத்திவிட்டது. அதற்கு முன்பே மூன்று விசைகள் இறுகிப்போயிருந்தன. அவற்றை அவள் எப்படியோ சமாளித்து வந்தாள். குரலே போன பிறகு சமாளிக்க வழியில்லை.

பதினொரு வயதில் வந்த மூளைக்காய்ச்சலோடு அவளுக்குப் பார்வை போனது. இப்போது வயது இருபத்தெட்டு. கொழும்பில் இருக்கும் ஆய்வாளர்கள் ஊர் ஊராகப் போய்ப் பதிவுசெய்யும் பேச்சுகளைக் கேட்டு, எழுத்தில் அடித்துக் கொடுப்பது அவளுடைய தொழில். அவள் தட்டும் ஒவ்வொரு எழுத்தையும் கணினி வாசித்துச் சொல்லும். பத்துப் பேர் ஒரே நேரத்தில் சத்தம் போடும் கூட்டத்திலும் யார் என்ன சொன்னார் என்று அவள் பிரித்தெடுத்துவிடுவாள். அதனால் வேலை அவளைத் தேடி வந்துகொண்டிருந்தது. இப்போதும் இருபத்திரண்டு பதிவுகள் வந்து கிடந்தன. மாதக் கடைசிக்குள் முடிக்க வேண்டும்.

கையில் எழுபதினாயிரம் ரூபாய் இருந்தது. முழுக்க அவள் உழைத்த காசு.

"நீ காசைப் பற்றி யோசியாதை. புதுசாவே வாங்குவம்" என்றான் அண்ணன் கஜானன். அவனுக்கு அவளைவிட இரண்டு வயது கூட. பேக்கரி ஒன்றின் வான் வண்டியை ஓட்டுகிறான். விடியலில் கடை கடையாகப் பாண் இறக்கி முடித்தால் பகல் அவனுடையது. அன்றைக்கே அவளை மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு கொக்குவிலிலிருந்து நகரத்துக்குப் போனான்.

முதலில் நுழைந்தது குளிரூட்டிய பெரிய கடை. விற்பனைப் பெண்ணின் குரல் அவர்களை நோக்கி வந்து, கஜானனின் பக்கமே நின்றுவிட்டது.

"அக்கா இங்கிலிசிலை அடிப்பாவோ, அண்ணை?"

"என்னையே கேளுங்கோ" என்றாள் தனுஷிகா. "தமிழ், இங்கிலிஸ் ரெண்டிலையும் அடிப்பன்."

அந்தப் பெண் சற்றுத் தடுமாறிவிட்டு ஒரு கணினியை எடுத்து வைத்தாள். "இதுதான் இப்ப நல்லாப் போகுது. திரையைப் பாருங்கோ அண்ணை, நிறமெல்லாம் என்ன வடிவு!"

தனுஷிகா விசைகளின் மேல் விரல்களை ஓட்டினாள். சீமெந்துத் தரையைத் தடவுவது போல இருந்தது. எங்கே ஒரு விசை முடிகிறது, எங்கே அடுத்தது தொடங்குகிறது என்று பிடிபடவில்லை. மூடியைத் தூக்கியபோது கீழ்ப்பாகமும் கூடவே வளைந்து வந்தது.

"பழுதாப் போனால் எங்கை திருத்துறது?"

"கொழும்புக்கு அனுப்புவம், அக்கா. மூண்டு கிழமை செல்லும்."

"அதுக்குள்ளை என்ரை வேலையை வேறை ஆரும் செய்து முடிச்சிடுவினம்."

விலை ஒன்றேமுக்கால் இலட்சம். கஜானன் தொண்டையைச் செருமிக்கொண்டு, மாதத் தவணைக்குத் தருவார்களா என்று கேட்கத் தொடங்கினான். தனுஷிகா அவன் கையைக் கிள்ளினாள். "வா அண்ணை, போவம்."

வெளியே வந்ததும் வெயில் முகத்தில் அடித்தது. "எந்தக் கொம்பனி நல்லதெண்டு விக்கிற ஆக்களைக் கேட்டு என்ன பிரியோசனம்?" என்றாள். "திருத்துற ஆளைக் கேட்பம்."

பழைய கணினியை இரண்டு முறை திருத்திக் கொடுத்து, மூன்றாம் முறைக்குத் தாங்காது என்று சொல்லியிருந்தவர் எமில்ராஜ். குருநகர்க்காரர். பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில், மாடிப்படிக்குக் கீழே ஒடுக்கமான ஒரு கடை. ஈயம் உருகும் வாசனையைக் கொண்டே கடை வந்துவிட்டதை அவள் அறிந்துகொள்வாள்.

"எமில் அண்ணை, எது திருத்துறதுக்கு உங்களிட்டை அடிக்கடி வருது? எது வாறதே இல்லை? அதை மட்டும் சொல்லுங்கோ."

எமில்ராஜ் சிரித்தார். "கொம்பனியின்ரை பேரைப் பாத்து வாங்காதையுங்கோ, தங்கச்சி. எல்லாக் கொம்பனியும் நல்லதும் செய்யும், மலிவுக்கு ஒண்டும் செய்யும். கந்தோரிலை வேலை செய்யிற ஆக்களுக்கெண்டு செய்தது இருக்கு. பாரம் கூட, வடிவில்லை. ஆனால் ஏழெட்டு வருசம் அடிச்சாலும் அசையாது. சாமானும் இஞ்சையே எடுக்கலாம். ஆரும் பாவிச்சு விட்டது எண்டாலும் அதுதான் திறம்."

அப்படிப்பட்ட மூன்றை அவள் முன்னால் வைத்தார். மூன்றுமே ஒரு இலட்சத்துக்குப் பக்கத்தில் போயின. அவள் ஒவ்வொன்றையும் தடவிப் பார்த்து, விலையைக் கேட்டு, மெல்லத் தள்ளி வைத்தாள். அப்போது மேசையின் ஓரத்தில் கை இன்னொன்றில் பட்டது. விசைகள் நடுவில் லேசாகக் குழிந்து விரலை வாங்கிக்கொண்டன. தட்டினால் தெளிவான ஒரு சத்தம். சுட்டுவிரல்கள் இடம் கண்டுகொள்ள இரண்டு விசைகளில் இருக்கும் புடைப்புகள் தேயாமல் இருந்தன.

"இது?"

"அது விக்கிறதுக்கில்லை, தங்கச்சி. ஆரோ கீழை போட்டுத் திரை நொருங்கிப்போச்சு. உந்தத் திரைக்கு விலை கூட, மாத்திறது கட்டாது. உள்ளுக்கு இருக்கிற சாமானைக் கழட்டி எடுப்பம் எண்டு வச்சிருக்கிறன்."

"மற்றதெல்லாம் வேலை செய்யுதோ?"

"ஓம். ரிவியிலை கொழுவிப் பாத்தனான். ஒரு பிழையும் இல்லை."

தனுஷிகாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "எனக்குத் திரை என்னத்துக்கு, அண்ணை?"

கஜானனின் கதிரை இழுபடும் சத்தம் கேட்டது.

"எழும்பு தனு. போவம்."

"அண்ணை, கொஞ்சம்..."

"எழும்பு எண்டுறன்."

வீட்டு வாசல் படலையைத் திறக்கும்போது அவன் வெடித்தான். "கண் தெரியாத பிள்ளைக்கு உடைஞ்சதை வாங்கிக் குடுத்திருக்கிறான் எண்டு சனம் கதைக்கும். எனக்கு அது ஏலாது."

"சனமே அதிலை அடிக்கப்போகுது? எனக்குத் தேவையில்லாத ஒண்டுக்கு நான் ஏன் காசு குடுக்கவேணும்?"

"அது மட்டுமில்லை." அவன் குரல் சட்டென்று இறங்கியது. "நான் ஏ.எல். படிக்கேக்கை வீட்டிலை ஒரு லப்டொப்தான் வாங்க ஏலுமாயிருந்தது. எனக்குத்தான் வாங்கிச்சினம். நீயும் கேட்டனி. உனக்கு அதாலை என்ன பிரியோசனம் எண்டு அப்பா சொன்னவர், நானும் பேசாமல் இருந்திட்டன். பிறகு நான் அதிலை கிரிக்கெட் பாத்துப் பாத்தே சோதினையைக் கோட்டை விட்டன். நீ ஆரோ வாசிக்கக் கேட்டுக் கேட்டுப் பாஸ் பண்ணினனி. நான் உனக்கெண்டு முதன்முதலா ஒண்டு வாங்கித் தரேக்கையும் உடைஞ்சதோ?"

தனுஷிகா படலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அந்தக் கணினி வீட்டுக்கு வந்த நாளில் தான் அழுதது அவளுக்கே மறந்துபோயிருந்தது. அவன் அதைப் பன்னிரண்டு வருசம் மனதில் வைத்திருப்பான் என்று அவள் நினைக்கவேயில்லை.

"எனக்கு உன்னோடை ஒரு கோவமும் இல்லை, அண்ணை" என்றாள். "ஆனால் உன்ரை மனம் ஆறவேணும் எண்டதுக்காக, விரலுக்குப் பிடிபடாத ஒண்டை வச்சுக்கொண்டு நான் அஞ்சாறு வருசம் கஷ்டப்படேலாது. புதுசா ஏதும் வாங்கித்தரத்தான் வேணுமெண்டால், காதுக்குப் போடுற ஹெட்போன் ஒண்டு நல்லதா வாங்கித் தா. என்ரை வேலையே காதிலைதான்."

அவன் மோட்டார் சைக்கிளை உருட்டிக்கொண்டு உள்ளே போய்விட்டான்.

மறுநாள் அவள் தனியாகப் பஸ் ஏறிப் போனாள். எமில்ராஜ் சங்கடப்பட்டார். "உடைஞ்சதை வித்தவன் எண்ட பேர் எனக்கும் வேண்டாம், தங்கச்சி. சும்மா கொண்டு போங்கோ."

"சும்மா தந்தால் பழுதாகேக்கை உங்களிட்டை வந்து சண்டை பிடிக்க ஏலாதே. விலையைச் சொல்லுங்கோ. ஆறு மாத உத்தரவாதமும் எழுதித் தாங்கோ. திரையைத் தவிர மற்றதுக்கு."

கடைசியில் நாற்பதாயிரத்துக்கு முடிந்தது. கை வெட்டாமல் இருக்க நொறுங்கிய கண்ணாடியை முழுதாகக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் மெல்லிய பிளாஸ்ரிக் தகடு ஒன்றை ஒட்டிக் கொடுத்தார். வாசிக்கும் குரலையும் போட்டுக் கொடுத்தார். அவள் அங்கேயே இரண்டு மணித்தியாலம் இருந்து, ஒரு பதிவை முழுதாக அடித்துப் பார்த்த பிறகுதான் எழும்பினாள்.

வீட்டுக்கு வந்தபோது அவளுடைய மேசையில் ஒரு பெட்டி இருந்தது. திறந்தாள். மெத்தென்ற பஞ்சு வைத்த ஹெட்போன். கஜானன் குசினியில் ஒன்றும் தெரியாதவன் போலக் கோப்பையில் பிளேன்ரீ ஊற்றிக்கொண்டிருந்தான். அதைக் காதில் போட்டதும் வீட்டுச் சத்தம் அடங்கி, மீனவர் சங்கக் கூட்டம் ஒன்றில் பின்வரிசையில் இருந்து முணுமுணுத்தவரின் பேச்சுக்கூட எழுத்தெழுத்தாகக் கேட்டது.

இருபத்திரண்டு பதிவுகளையும் நாலு நாள் முந்தியே அனுப்பிவிட்டாள். அடுத்த தொகுதி உடனே வந்தது. இடையில் ஒரு விசை மட்டும் ஒட்டிக்கொண்டது. எமில்ராஜ் பத்து நிமிசத்தில் சரிப்படுத்தினார்.

அடுத்த மாதம் பிரதேச சபையில் சாரதி வேலைக்கு ஆள் எடுப்பதாகக் கஜானன் கேள்விப்பட்டான். விண்ணப்பம் எழுத அவளுடைய கணினியைத் திறந்து வைத்து, அந்தப் பிளாஸ்ரிக் தகட்டை விரலால் தட்டினான்.

"தனு, இதிலை நான் என்னெண்டு எழுதுறது?"

"தள்ளி இரு" என்று அவள் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். "நீ சொல்லு, நான் அடிக்கிறன். முதலிலை பிறந்த திகதியைச் சொல்லு."