அணைக்காத லேப்டாப்

கதவைத் திறந்தேன். இரைச்சல் இல்லை. வாரக்கணக்காக அந்த அறையில் ஒரு பழைய லேப்டாப் ராப்பகலாக இரைந்துகொண்டிருந்தது. உள்ளே இருக்கும் காற்றாடி தேய்ந்துபோய்விட்டது. அக்கா அதற்கு 'மாமனார்' என்று பேர் வைத்திருந்தாள். உட்கார்ந்தாலும் குறட்டை, படுத்தாலும் குறட்டை என்பாள். அந்தக் குறட்டை கேட்கவில்லை. செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்றுவிட்டேன்.

அக்கா மேஜை முன்னால் உட்கார்ந்து, மூடி வைத்திருந்த லேப்டாப்பின் மேல்பக்கத்தை மெல்லிய துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்துகிறவள். எதைப் பார்த்தாலும் துடைக்க வேண்டும் அவளுக்கு. முகத்தில் அப்படி ஒரு பெருமை.

"புது வெர்ஷன் ஏத்தியாச்சு. வக்கீலம்மா ஆபீஸ் பொண்ணு போன்லயே ஒவ்வொண்ணா சொல்லிக்குடுத்தா. மாமனார் பாவம், இன்னிக்காவது தூங்கட்டும்னு அணைச்சு வெச்சுட்டேன்."

என் கையிலிருந்த பை கீழே விழுந்தது. அவள் அதைக் கவனிக்கவில்லை.

அந்த லேப்டாப்பைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். என் வீட்டுக்காரன் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கிறவன். ஊரார் போனையெல்லாம் பிரித்துப் போட்டவனுக்கு என் போன் எம்மாத்திரம்? நான் யாரிடம் பேசினேன், எந்தக் கடை வாசலில் எவ்வளவு நேரம் நின்றேன், தேடுபெட்டியில் எதைத் தட்டி எதை அழித்தேன், எல்லாம் சாப்பிட உட்காரும்போது அவன் வாயிலிருந்து வரும். சிரித்துக்கொண்டேதான் சொல்வான். அந்தச் சிரிப்புதான் தாங்க முடியவில்லை. ஒரு நாள் கட்டிய துணியோடு அக்கா வீட்டுக்கு வந்துவிட்டேன். அவள் புதிதாகக் குடிவந்த இந்த வீடு அவனுக்குத் தெரியாது. மகளை அவன் விடவில்லை. கேஸ் கோர்ட்டில் இருக்கிறது. அது முடியும்வரை நான் அவளைப் பார்க்கவும் கூடாது, பேசவும் கூடாது என்று உத்தரவு வாங்கி வைத்திருக்கிறான்.

என் கேஸை நடத்துகிற வக்கீலம்மா ஆபீஸில் கம்ப்யூட்டர் பார்க்கிற பெண்தான் ஒரு பென் டிரைவைக் கொடுத்தாள். அதற்குள்ளேயே ஒரு முழு ஆபரேட்டிங் சிஸ்டம் இருக்கிறது, அதைச் சொருகித்தான் லேப்டாப்பைத் திறக்க வேண்டும், இன்டர்நெட்டில் நாம் எங்கே இருக்கிறோம் என்பது யாருக்கும் தெரியாது என்றாள். முக்கியமாக ஒன்று சொன்னாள். அணைத்த உடனே அது எல்லாவற்றையும் மறந்துவிடும். பார்த்தது, படித்தது, இறக்கியது, எதுவும் மிஞ்சாது. வேண்டியதை மட்டும் பூட்டு போட்ட ஒரு ஃபோல்டரில் வைத்தால் அது மட்டும் அடுத்த தடவையும் இருக்கும். நாங்கள் அதைப் பத்திரப்பெட்டி என்போம். கேஸ் காகிதங்கள் எல்லாம் அதில்தான். திறக்கிற ரகசியச் சொல் எனக்கும் அக்காவுக்கும் மட்டும் தெரியும். எல்லாவற்றையும் மறந்துபோகிற ஒரு பொருள் என் வாழ்க்கையில் வந்ததே பெரிய நிம்மதியாக இருந்தது.

அப்புறம் டீச்சரிடமிருந்து ஒரு மெயில் வந்தது. மகளின் வகுப்பு டீச்சர். அவளே குழந்தை குட்டிக்காரி. எப்படியோ வக்கீலம்மா மூலம் என் மெயிலை வாங்கி, ஒரே ஒரு தடவை மட்டும் திறக்கிற லிங்க் ஒன்று அனுப்பியிருந்தாள். இறக்கிக் கேட்டேன். அதில் மகளின் குரல். கேட்டதும் அழித்துவிடுங்கள், யாரிடமும் மூச்சு விடாதீர்கள், தெரிந்தால் என் வேலை போய்விடும், இனிமேல் எனக்கு எழுதவும் வேண்டாம் என்று கேட்டிருந்தாள். இந்த மெஷினை அணைத்தாலே எல்லாம் அழிந்துவிடும், கவலைப்படாதீங்க என்று கடைசியாக ஒரே ஒரு வரி பதில் போட்டேன். சத்தியமான பேச்சு. எப்போது அணைப்பேன் என்றுதான் சொல்லவில்லை.

பத்திரப்பெட்டியில் வைத்தால் வாக்கு தவறியதாகிவிடும். அணைத்தால் குரல் போய்விடும். அதனால் அணைக்கவே இல்லை. என் சாமர்த்தியத்தை நினைத்து எனக்கே சிரிப்பு வரும். ஆனால் அந்த லேப்டாப்பில் பேட்டரி செத்துப்போயிருந்தது. பிளக் கொஞ்சம் ஆடினாலும் போச்சு. பிளக்கைச் சுவரோடு சேர்த்து டேப் ஒட்டினேன். சலவை நிலையத்தில் ஹோட்டல் படுக்கை விரிப்புகளை மடிக்கிற வேலை எனக்கு. அங்கே விளக்கு ஒரு கணம் அணைந்து எரிந்தால் கை விரிப்பில் இருக்கும், உயிர் வீட்டுக்கு ஓடிவிடும். சாப்பாட்டு நேரத்தில் மூச்சிரைக்க ஓடிவந்து, மாமனார் இரைகிறாரா என்று கதவுக்கு வெளியிலிருந்தே கேட்டுவிட்டுத் திரும்புவேன். மேற்பார்வைக்காரர் எனக்கு ஏதோ வயிற்றுக் கோளாறு என்று முடிவுகட்டி மாத்திரையெல்லாம் சொன்னார்.

இந்த நேரத்தில்தான் திரையின் ஓரத்தில் அந்த அறிவிப்பு முளைத்தது. இந்தப் பதிப்புக்கு இனிமேல் பாதுகாப்புத் திருத்தங்கள் வராது, புதிய பதிப்புக்கு மாறவும். பெரிய மாற்றமாம், தானாக ஏறாதாம். இன்னொரு பென் டிரைவில் புதிதாக ஏற்றி, பத்திரப்பெட்டியை அதற்கு மாற்றி, மெஷினை அணைத்துத் திறக்க வேண்டுமாம். அக்கா கண்ணில் அது பட்டதிலிருந்து எனக்கு நிம்மதி போனது. ஓட்டை விழுந்த பூட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாயே, அவன் ஒரு நாள் வாசலில் வந்து நிற்கப்போகிறான், அப்போது என்ன செய்வாய் என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். தலைவலி என்றேன், வேலை என்றேன், ஞாயிற்றுக்கிழமை என்றேன். ஞாயிற்றுக்கிழமைகள் வந்து போயின. அவள் சொன்னதில் ஒரு எழுத்துகூடத் தப்பில்லை, அதுதான் எரிச்சல். கதவில் யாராவது தட்டினால் அவளும்தான் நடுங்கினாள்.

இப்போது பையை எடுக்காமல், அவளைத் தாண்டிப் போய் லேப்டாப்பைத் திறந்தேன். புது பென் டிரைவ் அழகாகச் சொருகியிருந்தது. சுவரில் டேப்பைப் பிய்த்த இடத்தைக்கூடத் துடைத்து வைத்திருந்தாள். மாமனார் மறுபடி இரைய ஆரம்பித்தார். முகப்பு மாறியிருந்தது, எழுத்தெல்லாம் பளிச்சென்று இருந்தது. பத்திரப்பெட்டியைத் திறந்தேன். கேஸ் காகிதங்கள் எல்லாம் வைத்தது வைத்தபடி இருந்தன. டவுன்லோட் ஃபோல்டர் காலி. இல்லை என்று தெரிந்தும் மூடி மூடித் திறந்தேன்.

"ஒண்ணும் போகல, பாத்துட்டேன். எல்லாம் பத்திரமா இருக்கு," என்றாள் அக்கா.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உன்னை யார் கேட்டது, உன் சுத்தத்தைக் கொண்டுபோய் உன் கடையில் வைத்துக்கொள் என்று ஆரம்பித்து, சொல்லக்கூடாததெல்லாம் சொன்னேன். கல்யாணம் பண்ணாதவளுக்கு என்ன தெரியும் என்றுகூட வந்துவிட்டது. எனக்குச் சோறு போடுகிறவளைப் பார்த்து அப்படிச் சொன்னேன். அவள் துணியை நாலாக மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள். கடைசியில் டீச்சரையும், குரலையும், நான் கொடுத்த வாக்கையும் துண்டு துண்டாகச் சொல்லி முடித்தேன்.

"என்கிட்ட சொல்லியிருக்கலாமேடி."

"யார்கிட்டயும் சொல்லமாட்டேன்னு சொல்லியிருந்தேன்க்கா."

நான் சுவரோரம் தரையில் உட்கார்ந்து முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டேன். வாக்கைக் காப்பாற்றியாகிவிட்டது. டீச்சருக்கு இனி பயமில்லை, அவனுக்கும் இனி எங்கள் வாசல் தெரியாது. குரலை நினைவுக்குக் கொண்டுவரப் பார்த்தேன். அழுத அழுகையில் என் மூக்குறிஞ்சல்தான் கேட்டது.

அக்கா வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். பிறகு, எனக்குப் பழக்கமே இல்லாத ஒரு சின்னக் குரலில் சொன்னாள்.

"அம்மா, எனக்குப் பல்லு விழுந்துடுச்சு. பென்சில் டப்பால வெச்சிருக்கேன். யாருக்கும் காட்டல. நீ வந்து பாரு."

நிமிர்ந்து பார்த்தேன்.

"தெனம் தூக்கத்துல சொல்றியே," என்றாள். "கனவுன்னு நெனச்சேன்."

மகள் பேசியதை அக்கா ஒரு சொல் மாறாமல் அப்படியே சொல்லியிருந்தாள். இழுவைகூட அதேதான். ஆனால் எங்கேயோ உதைத்தது. மேஜைமேல் மாமனார் இரைந்துகொண்டிருந்தார், இனி எப்போது வேண்டுமானாலும் அணைக்கலாம். நான் மூக்கைத் துடைத்துக்கொண்டு அவள் பக்கம் திரும்பி உட்கார்ந்தேன்.

"இன்னொரு தடவ சொல்லு."

சொன்னாள்.

"இல்லக்கா. 'காட்டல'ன்னதும் உடனே அடுத்தத சொல்லமாட்டா. விழுந்த பல்லு வழியா ஒரு மூச்சு இழுப்பா. அப்புறந்தான்."

அக்கா கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்தாள். உதட்டைக் குவித்து, முன்பல்லில் நாக்கை வைத்து, மூச்சை இழுத்தாள்.