வேறு உலை

ஹுஸ்னியா அளவுநாடாவை இழுத்துக்கொண்டு முன்மண்டபத்திலிருந்து குசினிப் பக்கம் போனாள். தங்கேஸ்வரி அவளுக்கு முன்னால் ஓடியோடிக் கதிரைகளை ஒதுக்கிக் கொடுத்தாள். நகரசபையிலிருந்து வந்த பிள்ளை. முகத்தைப் பார்த்தால் நல்லவள் போலத்தான் தெரிந்தது. துறைமுகத்துக்குப் பின்னாலுள்ள இந்தப் பழைய ஒழுங்கைகளில், முன்சுவரிலும் ஓட்டிலும் கைவைக்காமல் ஒரு வீட்டை இரண்டு மூன்று சின்ன வீடுகளாகப் பிரிக்கலாம் என்று இந்த வருடம்தான் சபை அனுமதி கொடுத்திருந்தது.

தங்கேஸ்வரிக்குப் பெண்கள் இரண்டு, வீடு ஒன்று. அது மூத்தவள் பிரியதர்சினிக்குச் சீதனமாக எழுதியாயிற்று. இளையவள் கஜந்தினிக்குப் பேசிய குச்சவெளி மாப்பிள்ளையின் தாய், "பாதி வீடெண்டாலும் காணும். கையில வரட்டும், நாள் வைப்பம்" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தாள். பாதியைத் தர மூத்தவள் மறுக்கவில்லை. எந்தப் பாதி என்பதில்தான் வாய்த்தர்க்கம் வந்தது. அக்காவும் தங்கையும் முகம் பார்ப்பதில்லை. பிரியதர்சினி பின்விறாந்தையில் காஸ் அடுப்பை வைத்துத் தன் புருசனுக்கும் தனக்கும் தனியே சமைத்துக்கொண்டாள். தங்கேஸ்வரி இதை வெளியில் மூச்சுவிடவில்லை. உலை வேறு என்றால் குடும்பம் உடைந்துபோயிற்று என்றுதான் ஒழுங்கையில் அர்த்தம்.

ஹுஸ்னியா நாடாவைச் சுருட்டினாள்.

"அம்மா, மூத்தவவும் நீங்களும் வேற உலைதானே?"

யன்னலுக்கு வெளியே, பக்கத்து வளவில், யோகலிங்கம் குரோட்டனுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டு நின்றார். வீடுகளைப் பிரித்து ஒழுங்கையைத் தேயிலைத் தோட்டத்து லைன் காம்பரா ஆக்கப்போகிறார்கள் என்று சபைக்கு எதிர்த்து எழுதிப்போட்ட மனுசன். தண்ணீர் ஒரே செடியில் விழுந்துகொண்டிருந்தது.

"சீச்சீ, என்ன பிள்ளை கேக்கிறீங்கள்! எங்கட வீட்டில ஒரே உலைதான். என்ர பிள்ளையள் அப்பிடி வேற போற ஆக்கள் இல்லை."

"அப்ப பின்னுக்கு இருக்கிற அடுப்பு?"

"அது... தேத்தண்ணிக்கு."

"யோசிச்சுச் சொல்லுங்கோம்மா. ஏற்கனவே தனித்தனியாச் சமைச்சு இருக்கிற ஆக்களுக்குத்தான் இப்ப பிரிச்சுக் குடுக்கிறம். ஒரே உலையெண்டா ஒரே வீடு. என்னால ஒண்டும் செய்ய ஏலாது."

"ஒரே உலைதான் பிள்ளை," என்று யோகலிங்கம் வெளியிலிருந்து குரல் கொடுத்தார். "தங்கேசக்கா வளர்த்த வளர்ப்பு அப்பிடி. என்னக்கா?"

தங்கேஸ்வரி யன்னல் பக்கம் திரும்பினாள். கறி மணமும் சட்டிச் சத்தமும் மதிலைத் தாண்டாமலா இருக்கும்? மனுசனுக்கு எல்லாம் தெரியும். தெரிந்துதான் கேட்கிறார்.

"ஓம்," என்றாள்.

ஹுஸ்னியா நாடாவைப் பைக்குள் போட்டாள். பிறகு, "அப்ப வாறன் அம்மா" என்று படியிறங்கிப் போனாள்.

கஜந்தினி அறைக்கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அழவில்லை. "உங்களுக்கு யோகலிங்கம் மாமா என்ன நினைப்பாரெண்டதுதான் பெரிசு. என்னை இப்பிடியே வச்சிருங்கோ. அவருக்கே சோறு காய்ச்சிக் குடுக்கிறன்."

பதில் பின்விறாந்தையிலிருந்து வந்தது. பிரியதர்சினி, கையில் அகப்பையோடு.

"அம்மா, போய்ச் சொல்லுங்கோ, நான் வேறயாத்தான் சமைக்கிறனெண்டு." தங்கையின் பக்கம் அவள் திரும்பவில்லை. "உள்ளதுதானே. சொன்னாப்போல செத்தா போவம்? கெதியாப் போங்கோ."

தங்கேஸ்வரி செருப்பில்லாமல் கேற்றடிக்கு ஓடினாள். ஸ்கூட்டி ஒழுங்கை முனையில், வெயிலில் நின்றது. ஹுஸ்னியா ஹெல்மெற்றை மாட்டிப் பட்டியையும் இறுக்கிவிட்டாள். இனி மெல்லச் சொன்னால் கேட்காது. ஒழுங்கை முழுக்கக் கேட்கச் சொன்னால்தான் அவளுக்கும் கேட்கும்.

யோகலிங்கம் பைப்பைப் பூட்டினார். குரோட்டன் இலைகளிலிருந்து தண்ணீர் சொட்டுவது மட்டும் கேட்டது. எதிர்வீட்டு யன்னலில் யாரோ திரைச்சீலையை விலக்கினார்கள். தங்கேஸ்வரி கேற்றுக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, நெஞ்சு நிறைய மூச்சை இழுத்தாள்.