நாவலடிக்குளத்துக் கால்கோள் விழா

வலயக் கல்வி அலுவலகத்திலிருந்து வந்த உறைக்குள் இரண்டு கடிதங்கள் இருந்தன. முதலாம் வகுப்புக்கு வரும் பிள்ளைகளை வரவேற்கும் கால்கோள் விழாவைச் சமூகத்தின் பங்களிப்போடு வெகு சிறப்பாக நடத்த வேண்டும் என்றது ஒன்று. இருபது பிள்ளைகளுக்குக் குறைந்த பாடசாலையில் இந்த ஆண்டு முதலாம் வகுப்புக்கு ஒருவரும் சேராவிட்டால் அது பக்கத்துப் பாடசாலையுடன் இணைக்கப்படும் என்றது மற்றது. இணைக்கப்படும் என்பது அலுவலகத் தமிழ். ஊர்த் தமிழில் பூட்டப்படும்.

நாவலடிக்குளம் கண்டாவளைப் பக்கம், வயல் முடிந்து உப்புநீர்க் களப்புத் தொடங்கும் இடத்தில் இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் பதினேழு பிள்ளைகள். பக்கத்துப் பாடசாலை ஏழு கிலோமீற்றர். நடுவில் பற்றைக்காடு, அதற்குள் யானை. இணைப்புத் திட்டம் பற்றி யானைக்குக் கடிதம் ஏதும் போனதாகத் தெரியவில்லை. இரண்டு வருடத்துக்கு முன் அந்தப் பக்கத்தில் இப்படி இன்னொரு பள்ளிக்கூடம் பூட்டப்பட்டபோது அதிலிருந்த பத்தொன்பது பிள்ளைகளில் எட்டுப் பேர் படிப்பை விட்டுவிட்டார்கள். அந்த எட்டுப் பேரையும் எதனோடு இணைப்பது என்று இன்னும் சுற்றறிக்கை வரவில்லை.

அதிபர் சிவனேஸ்வரிக்கு அந்த எட்டுப் பேரின் பெயரும் தெரியும். ஆகவே மார்கழி விடுமுறை முழுக்க அவர் ஸ்கூட்டியில் வீடு வீடாகப் போய் ஐந்து வயதுப் பிள்ளை தேடினார். ஊரில் ஐந்து பேர் இருந்தார்கள். நான்கு பேருக்குக் கிளிநொச்சியில் இடம் எடுத்து, வான் பேசி, கழுத்துப் பட்டியும் வாங்கியாயிற்று. மிஞ்சியது ஜதுர்ஷிகா. எழுபத்தேழாம் ஆண்டுக் கலவரத்தில் மலைநாட்டுத் தோட்டத்திலிருந்து வந்து காடு வெட்டிக் குடியேறிய சுடலைமுத்துவின் பேத்தி. தாய் நிசாந்தினி கிளிநொச்சியில் ஆடைத் தொழிற்சாலையில் வேலை. நிசாந்தினியும் கிளிநொச்சி ரவுணில் ஒரு பள்ளிக்கூடத்தில் இடம் கேட்டு வைத்திருந்தாள். ஆனாலும், வீட்டுக்குக் கிட்ட என்றால் தன் தகப்பன் சுடலைமுத்துவே பிள்ளையைக் கூட்டிப்போய்க் கூட்டிவருவார் என்று யோசித்து, சரி ரீச்சர், விழாவண்டு வந்து கையெழுத்துப் போடுறன் என்றாள். சிவனேஸ்வரி அன்றிரவுதான் ஒழுங்காகச் சாப்பிட்டார்.

ஒரு பிள்ளைக்கு என்ன விழா, ஒரு பூங்கொத்தும் பாற்சோறும் போதாதா என்று அவர் நினைத்தது தவறு. கோட்டக் கல்வி அதிகாரி மயில்வாகனம் வந்து அந்தத் தவறைத் திருத்தினார். மயில்வாகனம் கெட்டவர் அல்ல. நிகழ்ச்சி நிரல் இல்லாமல் அவரால் தண்ணீரும் குடிக்க முடியாது, அவ்வளவுதான். ஒரு பிரதம விருந்தினர், மூன்று சிறப்பு விருந்தினர், ஐந்து கௌரவ விருந்தினர் என்று அவர் எழுதிக்கொண்டு போனார். பிள்ளை ஒன்று, விருந்தினர் ஒன்பது. ஒவ்வொருவருக்கும் ஒரு பொன்னாடை. பாண்ட் வாத்தியக் குழு இரவல், அதுவும் நாவலடிக்குளத்தை விழுங்கக் காத்திருக்கும் அதே பக்கத்துப் பாடசாலையிலிருந்து. பிள்ளைக்குச் சூட்டும் காகிதக் கிரீடத்தைக் கடைக்காரர் டசினாகத்தான் தருவேன் என்றதால் பன்னிரண்டு வந்தது. பனரில் ஒன்பது விருந்தினரின் முகமும் பதவியும் அச்சாயின. பிள்ளையின் படத்துக்கு இடம் போதவில்லை.

சிவனேஸ்வரி இதற்கெல்லாம் தலையாட்டியதற்குக் காரணம் இருந்தது. பிரதம விருந்தினர் ராஜரத்தினம் மாகாணத்தில் பெரிய கதிரையில் இருப்பவர். அவர் வந்து பிள்ளைகளைப் பார்த்து, பாதையைப் பார்த்து, இந்தப் பள்ளிக்கூடம் இருக்கட்டும் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், பூட்டும் பட்டியலில் இருந்து பெயர் போய்விடும். பதின்மூன்று வருட அதிபர் வேலையில் இப்படி ஒரு வார்த்தையை அவர் எவரிடமிருந்தும் கேட்டதில்லை. இருந்தும் நம்பினார். வேறு எதை நம்புவது?

தை மாத வியாழக்கிழமை, சுபநேரம் எட்டு நாற்பத்திரண்டு. நிசாந்தினி எட்டு மணிக்கே பிள்ளையோடு வந்து நின்றாள். வந்ததும் வராததுமாக ஒரு விசயத்தைச் சொன்னாள். ரவுண் பள்ளிக்கூடத்தில் இன்று பகல் ஒரு மணி வரைதான் இடத்தை வைத்திருப்பார்களாம், அதற்குப் பிறகு வேறு பிள்ளைக்குக் கொடுத்துவிடுவார்களாம். அவளுக்குப் பின்னேர வேலையும் இருக்கிறது. எது எப்படியோ பதினொன்றரை பஸ்ஸில் அவள் ஏறவேண்டும். அதற்குள் இங்கே கையெழுத்து முடிந்தால் ரவுணுக்குப் பிள்ளையைக் கொண்டுபோகத் தேவையில்லை.

அதிபர் அலுவலக அலுமாரியைத் திறக்க ஓடினார். புதுப் பிள்ளைகளைப் பதியும் சேர்வு இடாப்பு அங்கே இல்லை. அது மேடையில், பட்டுத்துணி விரித்த மேசையில், குத்துவிளக்குக்கும் பூச்சாடிக்கும் நடுவே இருந்தது. பெற்றோர் கையொப்பமிடுதல் நிகழ்ச்சி நிரலில் பதினான்காவது.

"சேர், இவா இப்பவே போட்டிட்டுப் போகட்டும்," என்றார் சிவனேஸ்வரி.

மயில்வாகனம் அவரைப் பாவமாகப் பார்த்தார். "முதலே போட்டிட்டா மேடையில என்னத்தைப் போடுறது, ரீச்சர்?"

சிவனேஸ்வரி நிசாந்தினியை ஒரு கதிரையில் இருத்திவிட்டு வாசலுக்குப் போனார்.

சுபநேரம் வந்தது, போனது. பிரதம விருந்தினர் பரந்தனில் வேறொரு பாடசாலையில் ஒரு கூரைத் தகட்டைத் திறந்துவைத்துக்கொண்டிருப்பதாகத் தகவல் வந்தது. பத்துப் பிள்ளைகள் வெயிலில் பூத்தட்டோடு நின்றார்கள், மற்ற ஏழு பேரும் கொடியோடு நின்றார்கள். பாண்ட் குழு வீதியில் போன ஒரு உழவு இயந்திரத்தை வரவேற்றது. நிசாந்தினி கைபேசியைப் பார்ப்பதும் அதிபரைப் பார்ப்பதுமாக இருந்தாள். சிவனேஸ்வரி மூன்று தரம் போய், பத்து நிமிசம் பிள்ளை, இன்னும் பத்து நிமிசம் என்று சொல்லிவிட்டு வந்தார். மூன்று பத்து நிமிடத்தில் இரண்டு மணித்தியாலம் போனது.

பத்து நாற்பதுக்கு வாகனம் வந்தது. மாலை, பாண்ட், கொடி, விளக்கு. ஒன்பது பேர் ஆளுக்கொரு திரி ஏற்ற வேண்டும், குத்துவிளக்கிலோ ஐந்து முகம்தான். மிஞ்சிய நால்வர் ஏற்கெனவே எரிந்த திரியை மறுபடி ஏற்றினார்கள். வரவேற்புரை நடந்தது, தலைமையுரை நடந்தது. கௌரவ விருந்தினர் ஒருவர் தனக்கு நேரமில்லை, இரண்டு வார்த்தைதான் என்று தொடங்கிப் பதினான்கு நிமிடம் பேசினார். கிரீடம் வைத்த ஜதுர்ஷிகா தாயின் மடியில் தூங்கிப்போனாள்.

பதினொன்று பத்துக்கு ராஜரத்தினம் எழுந்தார். சிவனேஸ்வரி மேடை ஓரத்தில் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். அவர் வார்த்தையைச் சொல்லட்டும், அதற்குப் பிறகு என்ன ஆனாலும் சரி.

பிரதம விருந்தினர் பாதையைப் பற்றித்தான் பேசினார். தான் சிறுவனாக இருந்தபோது ஐந்து மைல் நடந்து பள்ளிக்கூடம் போனதையும், மழையில் நடந்ததையும், செருப்பில்லாமல் நடந்ததையும் சொன்னார். நடந்ததால்தான் இன்று இந்த மேடையில் நிற்கிறாராம். கல்விக்குத் தூரம் ஒரு தடையே அல்ல, பக்கத்திலேயே எல்லாம் கிடைத்தால் பிள்ளைகள் சோம்பேறியாகிவிடுவார்கள் என்று முடிக்க, மற்ற எட்டு விருந்தினரும் கைதட்டினார்கள். மயில்வாகனமும் தட்டினார். பனரின் கீழ் நின்ற பதினேழு பிள்ளைகளும், தட்டச் சொல்லிப் பழக்கியிருந்தபடியால், தட்டினார்கள்.

ஏழு கிலோமீற்றருக்கு இதைவிட நல்ல ஆசீர்வாதம் கிடையாது. சிவனேஸ்வரி கூட்டத்தைப் பார்த்தார். நிசாந்தினியின் கதிரை காலி.

பிரதம விருந்தினர் செருப்பில்லாத காலத்துக்குத் திரும்பப் போய்க்கொண்டிருந்தபோது, அதிபர் மேடையைக் குறுக்கே கடந்து, பூச்சாடியைத் தள்ளி, இடாப்பை எடுத்துக்கொண்டு இறங்கினார். மயில்வாகனம் ஏதோ சைகை காட்டினார். சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடும் ஐம்பத்திரண்டு வயதுப் பெண்ணுக்குச் சைகை தெரியாது.

பஸ் வந்து நின்றிருந்தது. நிசாந்தினி பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு மிதிபலகையில் ஒரு காலை வைத்திருந்தாள். அதிபர் மூச்சு வாங்க இடாப்பை விரித்து, பேனையை நீட்டினார். கொண்டக்டர் அதிபரைக் கண்டதும் விசிலை வாயில் இருந்து எடுத்தார். அவரும் இதே பள்ளிக்கூடத்தில் படித்தவர்.

நிசாந்தினி பேனையை வாங்கினாள். ஆனால் குனியவில்லை.

"ரீச்சர், ஒண்டு கேக்கிறன். ஒளிக்காமச் சொல்லுங்கோ. இவள் அஞ்சாம் வகுப்பு மட்டும் இஞ்ச படிப்பாளோ?"

ஓம் என்ற சொல்லில் இரண்டே எழுத்து. சிவனேஸ்வரி வாயைத் திறந்தார். ஓமென்றால் நாவலடிக்குளம் ஒரு வருடம் பிழைக்கும், பதினேழு பிள்ளைகளும் பிழைப்பார்கள். அடுத்த வருடம் பூட்டினால் இந்தப் பிள்ளைக்கு இங்கேயும் இடமில்லை, ரவுணிலும் இடமில்லை. தோளில் கிடந்த பிள்ளையின் வாயில் இருந்து வழிந்த எச்சில் தாயின் சட்டையை நனைத்திருந்தது.

"இந்த வருசம் பூட்டமாட்டினம்," என்றார். "வாற வருசம்... எனக்குத் தெரியாது பிள்ளை."

"வகுப்பில இவள் மட்டுமோ?"

"ஓம்."

நிசாந்தினி பேனையைத் திருப்பிக் கொடுத்தாள். பிள்ளையின் தலையில் இருந்த கிரீடத்தையும் நசுங்காமல் எடுத்துக் கொடுத்தாள். "குறை நினைக்காதையுங்கோ ரீச்சர்," என்றாள். அதிபர் தலையாட்டினார். கொண்டக்டர் விசில் ஊதுவதற்கு முன் ஒருதரம் அவரைப் பார்த்தார், பிறகு ஊதினார்.

திரும்பி வரும் தூரம் நூற்றைம்பது அடி. இந்த நூற்றைம்பது அடிக்குள் ஒலிபெருக்கி, நிகழ்ச்சி இலக்கம் பதின்மூன்று, பிரதம விருந்தினர் புதிய மாணவிக்கு ஏடு தொடக்குதல் என்று அறிவித்தது. எந்த மாணவி என்று சிவனேஸ்வரிக்கு விளங்கவில்லை. மேடையைப் பார்த்ததும் விளங்கியது.

மயில்வாகனத்தின் நிகழ்ச்சி நிரலில் வெற்றிடம் இருக்கக் கூடாது. பூத்தட்டு வரிசையில் இருந்தவர்களில் ஆகச் சின்னவளாகப் பார்த்து, மிச்சமிருந்த பதினொரு கிரீடத்தில் ஒன்றை வைத்து, ராஜரத்தினத்தின் மடிக்கு அனுப்பிவிட்டார். ஆன்சலா. களப்பில் இறால் பிடிக்கும் சுசிலாவின் மகள். இரண்டாம் வகுப்பு.

ராஜரத்தினம் அவளது விரலைப் பிடித்து அரிசியில் அகரத்தைத் தொடங்கினார். தொடங்கியதுதான் அவர். மிச்சத்தை ஆன்சலாவே எழுதி, பக்கத்தில் தன் பெயரையும் ஊர்ப் பெயரையும் எழுதி, கீழே கோடும் இழுத்துவிட்டாள். பிரதம விருந்தினர் அசந்துபோனார். மைக்கைக் கிட்ட இழுத்து, முதல் நாளிலேயே இப்படி எழுதும் பிள்ளையைத் தன் வாழ்நாளில் கண்டதில்லை என்றும், இந்த மண்ணின் மகிமையே மகிமை என்றும் சொன்னார். கைதட்டல் இந்தத் தரம் உண்மையாகவே பலமாக இருந்தது. அந்த மண்ணைப் பூட்டுவது பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை.

"நிகழ்ச்சி இலக்கம் பதினான்கு," என்றது ஒலிபெருக்கி. "அதிபர் அவர்கள் இடாப்பைக் கொண்டுவரவும். பெற்றோர் மேடைக்கு வரவும்."

சுசிலா பின்வரிசையில் இருந்து எழுந்து வந்தாள். கையில் இறால் வாடை போகாது என்பதால் சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டே வந்தாள். அவளுக்கு யாரும் எதையும் விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. மற்றப் பள்ளிக்கூடத்துக்கு யானைப் பாதையால் மகளை அனுப்பமாட்டேன் என்று அவள் போன கிழமைதான் சிவனேஸ்வரியிடம் சொல்லியிருந்தாள். மேசையில் இடாப்பு விரிந்து கிடந்தது. தரம் ஒன்று, இந்த ஆண்டு, வெறும் கோடுகள்.

"போடட்டோ ரீச்சர்?" என்று மெல்லக் கேட்டாள்.

ஒரு அரச ஊழியரால் ஒரு நாளைக்கு ஒரு உண்மைதான் முடியும். அது பஸ் தரிப்பிடத்தில் செலவாகிவிட்டது. "போடுங்கோ," என்றார் சிவனேஸ்வரி.

ஆன்சலா அவரது சேலையைப் பிடித்து இழுத்தாள். "அப்ப நான் திரும்பவும் ஒண்டோ, ரீச்சர்?"

நல்ல வேளை, பாண்ட் தொடங்கிவிட்டது. சுசிலா நாக்கைக் கடித்துக்கொண்டு ஒவ்வொரு எழுத்தாகப் பெயரைப் போட்டாள். புகைப்படக்காரர் அதிபரைக் கொஞ்சம் சிரிக்கச் சொன்னார். அடுத்த கட்டத்தை அதிபர்தான் நிரப்பவேண்டும். பிறந்த திகதி.

பிறந்த ஆண்டில் ஒன்றைக் கூட்டி, வயதில் ஒன்றைக் குறைத்தால் அலுவல் முடிந்தது. சிவனேஸ்வரியின் பேனை கட்டத்தின் மேல் நின்றது. அந்தப் பிள்ளை பிறந்த நாளை அவருக்குத் தெரியும், வெள்ளத்தில் ஆஸ்பத்திரி வாகனம் வராமல் இந்தப் பள்ளிக்கூடத்து மேசையில்தான் பிறந்தாள். பக்கத்தில் மயில்வாகனம், கெதியா ரீச்சர், சேருக்கு இன்னொரு பாடசாலைக்குப் போகோணும் என்று அவசரப்படுத்தினார். சிவனேஸ்வரி உண்மையான திகதியையே எழுதினார், ஒவ்வொரு இலக்கமும் தெளிவாக, ஆர் பார்த்தாலும் இது முதலாம் வகுப்பு வயதில்லை, ஆறு முடிந்ததென்று தெரியும்படி.

மயில்வாகனம் குனிந்து, திகதியை விரலால் தொட்டு வாசித்து, கீழே, சரிபார்த்தவர் என்ற இடத்தில், தனது கையொப்பத்தை வைத்தார்.