விரதப் பருப்பு

பழனியாண்டியின் தட்டில் கறி வைத்தது வைத்தபடியே இருந்தது. சமையல்காரி ஒதில் அதை விடுதிக் கண்காணிப்பாளர் மருதையின் மேசைமேல் வைத்தாள். "லி சக்ரென், முசியே. மனசு வாடிக் கெடக்கு அந்தப் பையனுக்கு."

தீவின் சீனி ஆலை வேலை படிக்க வந்த பிள்ளைகள் முகம் வாடாமல் பார்த்துக்கொள்வதுதான் அந்தக் கல்லூரியில் மருதையின் உத்தியோகம். பந்தாட்டம், கடற்கரை உலா, சனிக்கிழமை கிராமபோன் எல்லாம் அவர் ஏற்பாடு. வீட்டு நினைப்பில் ஓடிப்போனவர்களை வண்டி பிடித்துப் போய்த் திருப்பிக் கூட்டி வந்திருக்கிறார். 'கொண்டாட்ட முசியே' என்று பையன்கள் கிண்டலடிப்பார்கள். அதில் அவருக்கு உள்ளூரப் பெருமைதான்.

பழனியாண்டியிடம் மட்டும் எதுவும் பலிக்கவில்லை. ரோஸ் பெல் கிராமத்தில் சொற்பக் கரும்பு நிலம் வைத்திருப்பவரின் மகன். வெறுந்தரையில் படுக்கிறான், கிராமபோன் பாடினால் எழுந்து போய்விடுகிறான், புதுச் சட்டி ஒன்று வாங்கிக் கொடுத்துத் தனக்கு அதில் தனியாகப் பருப்பு வேகவைக்கச் சொல்கிறான். கேட்டால் சிரித்து மழுப்புகிறான். ஏக்கம் முற்றிவிட்டது என்று மருதை முடிவு கட்டினார்.

"கோழிச் சாறு எடுத்து அந்தப் பருப்புல ஊத்திடு, ஒதில். அவங்கிட்ட சொல்லாத. ஒடம்பு தேறினா மனசு தானா தேறும்."

பையன் பருப்பை இரண்டாம் தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டான். மருதைக்கு வயிறு குளிர்ந்தது. பூசம் நெருங்கிய ஒரு மாலையில் அவனே அறைக்கு வந்து நின்றான்.

"நாளைக்குக் காவடி, முசியே. லீவு வேணும்."

மருதைக்குத் தூக்கிவாரிப்போட்டது. கல்லூரி நாட்காட்டியோடே வாழ்ந்து, தை என்று ஒரு மாதம் இருப்பதையே மறந்திருந்தார். "யாருக்குடா வேண்டுதல்?"

"அக்கா பார்வதிக்கு. காய்ச்சல் எறங்கவே மாட்டேங்குது."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"நீங்க தமிழாளாச்சே. தெரிஞ்சிருக்கும்னு நெனச்சேன்." பிறகு வெட்கத்தோடு சொன்னான்: "அந்தப் பருப்பு மட்டும் இல்லேன்னா தாங்கிருக்க மாட்டேன்."

சொன்னால் காவடி எடுக்கமாட்டான். சொல்லாவிட்டால் குலைந்த விரதத்தோடு எடுப்பான். இரண்டுக்கும் பார்வதிதான் பலி என்று மருதைக்குப் பட்டது. வாயைத் திறந்தார். "பத்திரமா போயிட்டு வாடா" என்றுதான் வந்தது.

மறுநாள் இருப்புக்கொள்ளாமல் அவரும் ரோஸ் பெல் போனார். சப்பாத்தைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, கரும்புக் காட்டு வழியே காவடிக்குப் பின்னால் நடந்தார். விரதத்தில் பங்கம் இருந்தால் கோயில் சேருமுன் காவடியில் கட்டிய சொம்புப் பால் திரிந்துவிடும் என்பது அங்கே எல்லாருக்கும் தெரியும். வெயில் மண்டையைப் பிளந்தது. திரியட்டும், உண்மை தானாக வெளிவரட்டும் என்று ஒரு அடி. திரியக் கூடாது முருகா என்று மறு அடி.

சன்னதியில் பூசாரி சொம்பின் துணியை அவிழ்த்துச் சாய்த்தார். பால் வெள்ளை வெளேரென்று இறங்கியது. கூட்டம் அரோகரா போட்டது. நாக்கில் வேல் குத்தியிருந்ததால் பழனியாண்டியால் பேச முடியவில்லை. அவன் மருதையைத் தேடிப் பிடித்துப் பார்த்தான், முகமெல்லாம் மலர்ந்திருந்தது. இத்தனை வருட உத்தியோகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை எந்தப் பிள்ளை முகத்திலும் மருதை பார்த்ததில்லை.

அபிஷேகப் பால் கல்லில் வழிந்து, படியிறங்கி, அவருடைய வெறுங்காலை நோக்கி வந்தது. மருதை காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.