சுண்டுவிரல் நகமளவு இரும்பு

பொலிவியாவோடு நாங்கள் சண்டை போட்ட சாக்கோ காட்டுப் புழுதியில் எது விழுந்தாலும் போனது போனதுதான். அதற்குப் பயந்தே, துப்பாக்கியைப் பிரித்துத் துடைக்கும்போது சின்னச் சாமான்களை எங்காவது பத்திரமாக வைத்துவிடுவேன். அப்படியும் அன்று மத்தியானம் கொக்கியைக் காணோம்.

சுண்டுவிரல் நகமளவு இரும்பு அது. வெடித்த தோட்டாவின் வெற்றுக்கூட்டைக் கவ்வி வெளியே இழுத்துப் போடுவது அதன் வேலை. அது இல்லாவிட்டால் முதல் குண்டு போகும், கூடு உள்ளேயே அடைத்துக்கொள்ளும். துடைக்கிற கம்பியைக் குழல்வாயில் விட்டுக் குத்தித் தள்ளினால்தான் அடுத்த குண்டு. நிமிஷத்துக்கு நானூறு சுடுகிற இயந்திரத் துப்பாக்கி வெறும் தடியாகிவிடும். எங்கள் படையில் கம்பெனிக்கு ஒன்றுதான் இருந்தது. இரண்டாவது கம்பெனியின் துப்பாக்கி என் பொறுப்பு.

மறுநாள் காலை லெப்டினன்ட் சோதனை போடுவார். சாமானைத் தொலைத்தவனை முளையடித்து வெயிலில் கட்டிப்போடுவார்கள், தண்ணீர் கிடையாது. போன மாதம் கட்டிய ஒருவனைச் சாயங்காலம் அவிழ்த்தபோது அவனுக்குத் தன் பெயரே தெரியவில்லை. தண்ணீர் லாரி வந்தே இரண்டு நாளாகியிருந்தது.

எனக்குத் தோட்டாப் பெட்டி சுமக்கும் ஃபிதெலினோ சிரித்தான்.

"பட்டாளத்துல எதுவும் தொலையாதுடா கிரெசென்சியோ. கை மாறும், அவ்வளவுதான். மூணாவது கம்பெனிக்காரனுங்க குறட்டை விட்டுட்டிருக்கானுங்க. போய்க் கழட்டிட்டு வா."

"அப்ப அவன் மாட்டிக்குவானே?"

"அவனுக்கென்ன கையில்லையா? பக்கத்துலயே முதல் கம்பெனி இருக்கு."

நானும் சிரித்தேன். முதல் கம்பெனியின் துப்பாக்கியை வைத்திருந்தவன் என் தம்பி ரனுல்ஃபோ. அது அந்த நிமிஷம் ஏன் உறைக்கவில்லை என்று இன்றுவரை என்னையே கேட்டுக்கொள்கிறேன். பயந்தவனுக்குத் தன் தோல்தான் தெரியும், வேறென்ன.

மூன்றாவது கம்பெனியின் அப்பொலோனியோ முகத்தில் தொப்பியைக் கவிழ்த்துத் தூங்கிக்கொண்டிருந்தான். கழற்றி எடுக்க ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

சாயங்காலம் ஜெபத்துக்குப் போகிற வழியில் ரனுல்ஃபோ வந்தான்.

"என்னண்ணே, மூஞ்சி பேயறைஞ்ச மாதிரி இருக்கு?"

"தொண்டை வறண்டு கிடக்கு. வேறென்ன?"

"நாளைக்கு லாரி வருதாம். தெரெரேவுல முதல் மடக்கு எனக்குத்தான், ஆமா." மாட்டுக்கொம்புக் குவளையை எடுத்து, பச்சைத் தண்ணீர் ஊற்றிக் குழலால் உறிஞ்சுகிற தெரெரேவுக்காக ஃபிதெலினோ தயாராக நிரப்பி வைத்திருந்த காய்ந்த இலைத்தூளை முகர்ந்து பார்த்தான்.

"சரிடா, அவசரக்குடுக்கை. வச்சுட்டுப் போ."

விடிந்ததும் விடியாததுமாக முதல் கம்பெனிக்கு உத்தரவு வந்தது. ஒரு மைல் தூரத்தில் முள்காட்டுக்கு அப்பால் இருந்த பதுங்குகுழிகளுக்கு அவர்கள் கிளம்பினார்கள். ரனுல்ஃபோ துப்பாக்கியைத் தோளில் போட்டபடி எனக்குக் கையாட்டினான். அப்புறம் எங்களுக்குச் சோதனை நடந்தது. லெப்டினன்ட் கொக்கியை விரலால் தட்டிப் பார்த்தார், தலையாட்டினார், போய்விட்டார். வெட்கமில்லாமல் எனக்கு அப்படியொரு நிம்மதி.

பத்து மணிக்கு லாரி வந்தது. ஃபிதெலினோ கொம்பில் தண்ணீர் ஊற்றி உறிஞ்சினான். உறிஞ்சுகுழல் எதிலோ இடித்தது.

"இலைல கல்லு கிடக்குடா," என்று உள்ளங்கையில் கவிழ்த்தான்.

கல் இல்லை, என் கொக்கி. புழுதிக்குப் பயந்து, காலியாகக் கிடந்த கொம்புக்குள் நானே போட்டிருக்கிறேன். இவன் அதன்மேல் இலையைக் கொட்டியிருக்கிறான்.

அதை எடுத்துக்கொண்டு மூன்றாவது கம்பெனிக்கு ஓடினேன்.

"கொக்கியா? எங்களுக்கு வேணாம்பா," என்றான் அப்பொலோனியோ. "நேத்து எவனோ நாய்ப்பய எங்களத அடிச்சுட்டான். நாங்க முதல் கம்பெனித எடுத்து மாட்டிக்கிட்டோம். அவனுங்க ஜெபத்துக்குப் போயிருந்தானுங்க, சுலபமா போச்சு."

அங்கிருந்து சார்ஜன்ட் ஓவெலாரிடம் ஓடினேன்.

"ஐயா, அரை மணி நேரம் விடுங்க. முதல் கம்பெனி வரைக்கும் போயிட்டு ஓடியாந்துடறேன்."

"எதுக்கு?"

உள்ளங்கையை விரித்துக் காட்டினேன். அவரும் இந்தத் துப்பாக்கியைப் பிடித்தவர்தான். பார்த்ததுமே புரிந்துகொண்டார்.

"பாதைய பொலிவியாக்காரன் அடைச்சுட்டான்டா. நீ போய்ச் சேர மாட்ட. வரிசைய விட்டு ஓடினா நானே உன்னச் சுடணும். உக்காரு."

அவர் சொல்லி முடிக்கும்போதே முள்காட்டுக்கு அப்பால் சண்டை பிடித்துக்கொண்டது. எதிரியின் துப்பாக்கிகள் விடாமல் பொரிந்து தள்ளின. எங்கள் படைத் துப்பாக்கியின் சத்தம் எனக்குத் தெரியும். அது ஒரு தரம் வெடித்தது. ஒரே ஒரு தரம்.

நான் எண்ண ஆரம்பித்தேன். கம்பியை உருவ வேண்டும். குழல்வாய் இருப்பது எதிரியின் பக்கம். துப்பாக்கியைக் குழிக்குள் இழுத்துப் போட்டுக் குத்தலாம், ஆனால் அதற்கு நேரமாகும். ரனுல்ஃபோவுக்கு எதிலும் அவசரம். எழுந்து முன்னால் சாய்ந்துதான் குத்துவான்.

ஒன்பது எண்ணியதும் மறுபடி வெடித்தது. "குனிடா, குனிஞ்சு குத்துடா," என்று நான் சொன்னது எனக்கும் ஃபிதெலினோவுக்கும் மட்டுந்தான் கேட்டது. இன்னொரு ஒன்பது. மூன்றாவது வெடி.

பிறகு ஒன்பது வந்தது, பதினைந்து வந்தது, வெடி வரவில்லை. ஃபிதெலினோ கொம்பில் தண்ணீர் ஊற்றி என்னிடம் நீட்டினான். நான் முப்பதைத் தாண்டி எண்ணிக்கொண்டிருந்தேன்.