இடது காதில் விழுந்த கோல்

போன போட்டியின் வீடியோவைக் கடைசிவரை கேட்டுவிட்டு அக்கா ஹெட்போனைக் கழற்றினாள். "ஏண்டி, நல்லாத்தான் எடுத்திருக்கே. ஆனா கடைசில ஜெயிச்சது நாங்களா, காத்தா?"

சின்னவளுக்குச் சுருக்கென்றது. கேமராவிலேயே இருந்த மைக், காற்றையும் ஜெனரேட்டர் இரைச்சலையும்தான் அள்ளிக்கொண்டு வந்திருந்தது.

அக்காவுக்குப் பிறவியிலேயே பார்வை கிடையாது. பார்வையற்ற பெண்கள் ஆடும் கால்பந்து அணிக்கு அவள்தான் கேப்டன். பந்துக்குள் மணி இருக்கும். அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டே ஓடுவார்கள். அணிக்காகக் கண்ணால் பார்ப்பவர்கள் முக்கியமாக இரண்டு பேர். ஒருத்தி கோலைக் காக்கும் கீப்பர். இன்னொருத்தி எதிரணி கோலுக்குப் பின்னால் நின்று, எங்கே அடிக்க வேண்டும் என்று கத்தும் வழிகாட்டி. இறுதிப் போட்டி நெருங்கும்போதா அக்கா கணுக்காலை முறித்துக்கொள்ள வேண்டும்? மாவுக்கட்டோடு கட்டிலில் கிடந்து நேரலையைக் கேட்பதைத் தவிர அவளுக்கு வேறு வழியில்லை.

சின்னவள் வீடியோ எடுத்துப் பிழைப்பவள். இறுதிப் போட்டியின் நேரலையும் அவள் பொறுப்புதான். சொந்தமென்று இருந்தது ஒரே கேமரா. அதைச் சுற்றித்தான் யோசித்தாள். இடது கோலில் நிற்கும் கீப்பருக்கும், அந்தக் கோலுக்குப் பின்னால் நிற்கும் வழிகாட்டிக்கும் ஆளுக்கொரு வயர்லெஸ் மைக். வலது கோலுக்கும் அப்படியே. அந்தச் சத்தத்தை வாங்கிக் கேமராவுக்கு அனுப்ப ஜோடிக்கு ஒரு ரிசீவர். கேமராவில் சத்தம் ஏறுவதற்கு இருப்பதே இரண்டு துளைகள். ஒன்று இடது காதுக்கு, மற்றது வலது காதுக்கு.

வீட்டிலேயே சோதித்தார்கள். முதலில் இரண்டு செட்டும் ஒரே சேனலில் முட்டிக்கொண்டு கரகரத்தன. ஒன்றை மாற்றினாள். அக்காவின் கணவர் ஒரு மைக்கோடு சமையலறைக்குப் போனார். சின்னவள் இன்னொன்றோடு பால்கனியில் நின்றாள்.

"நீ இடது பக்கம் நிக்கறே," என்றாள் அக்கா. "மாமா வலது பக்கம். பிரிட்ஜைத் திறக்கறாரு. என்னங்க, டாக்டர் இனிப்பைத் தொடக்கூடாதுன்னாரே?"

பிரிட்ஜ் கதவு சத்தமில்லாமல் மூடிக்கொண்டது.

மைதானத்தில் நடுவர் சரி என்று சொல்லிவிட்டார். எதிரணிக் கீப்பர்தான் முறுக்கிக்கொண்டாள். "நாங்க பேசிக்கறதையெல்லாம் ஊருக்கே போட்டுக் காட்டுவீங்க. எனக்கு வேணாம்."

ஒரு மைக் இல்லையென்றால் அந்தக் கோல் பாதி ஊமையாகிவிடும். "உங்க டீம் ஆளுங்க வீட்லயும் கேக்கறதுக்கு யாராவது இருப்பாங்கல்ல?" என்று சின்னவள் மெல்லக் கேட்டுப் பார்த்தாள்.

பக்கத்தில் ஷூ கயிற்றை இறுக்கிக்கொண்டிருந்த எதிரணி ஆட்டக்காரி தலையை நிமிர்த்தினாள். "என் வீட்டுக்காரருக்கும் பார்வை இல்லை. நான் ஆடுறதை அவர் ஒருநாளும் ஒழுங்காக் கேட்டதே இல்லை. மாட்டிக்கடி. நீ என்ன தங்கச் சுரங்க ரகசியமா பேசப்போறே?"

கீப்பர் சிரித்துவிட்டாள். மைக் ஏறியது.

ஆட்டம் தொடங்கியது. மணிச்சத்தம் கேட்க வேண்டுமென்பதால் பார்க்க வந்தவர்கள் மூச்சுக்காட்டாமல் உட்கார்ந்திருந்தார்கள். முதல் பாதியில் இரு பக்கமும் கோல் விழவில்லை. இரண்டாம் பாதி தொடங்கிய சற்று நேரத்தில் சின்னவளின் போன் அதிர்ந்தது. அக்கா.

"ஏண்டி, நம்ம கீப்பர் இன்னும் இடது பக்கமே கத்தறா? சைடு மாறலையா?"

சின்னவள் கேபிள்களைப் பார்த்தாள். இடைவேளைக்குப் பிறகு அணிகள் கோல் மாறியிருந்தன. மைக் மாட்டியவர்களும் கூடவே மாறிவிட்டார்கள். கேபிள்கள் மட்டும் பழைய துளைகளிலேயே இருந்தன. வீட்டில் கேட்பவர்களுக்கு மைதானமே தலைகீழ்! பந்து வெளியே போகும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள். போனதும் ஒரு கையால் கேமராவைப் பிடித்தபடி, மறு கையால் இரண்டு கேபிளையும் பிடுங்கி இடம் மாற்றிச் செருகினாள்.

போனில் ஒரே சொல் வந்தது: "ஆங்!"

ஆட்டம் முடியப்போகும் நேரத்தில் அக்காவின் அணிப்பெண் ஒருத்தி பந்தோடு இடது கோலை நோக்கிப் பாய்ந்தாள். வழிகாட்டி கத்தினாள். கால் வீசியது. வலை குலுங்கியது. அதுவரை வாயைப் பொத்தியிருந்த கூட்டம் கூரையைப் பிய்த்துக்கொண்டு எழுந்தது. சின்னவளும் கத்தினாள், அன்றைய வீடியோவில் கேமரா ஆடியது அந்த ஓரிடத்தில் மட்டும்தான்.

மூட்டை முடிச்சோடு வீட்டுக்குள் நுழைந்தவளை மாமா வாசலிலேயே பிடித்துக்கொண்டார். "உங்கக்கா குதிச்ச குதியில மாவுக்கட்டு தப்பிச்சதே பெரிசு!"

கட்டிலில் அக்காவின் முகம் பளபளத்தது. "அந்தக் கோலைப் பாத்தியாடி?"

"நான்தானேக்கா எடுத்தேன்?"

"எடுத்தே. கேட்டியா? அடிக்கறதுக்கு முன்னாடி நம்மாளு பந்தைக் காலுக்கடில அழுத்திட்டா. மணி நின்னுபோச்சு. பந்து எங்கேன்னு தெரியாம தடுமாறின தன் ஆளுங்களுக்கு அவங்க கீப்பர் 'முன்னாடி, முன்னாடி!'ன்னு கத்தினா. அதைக் கேட்டுத்தான் எந்தப் பக்கம் நிக்கறான்னு நம்மாளு புரிஞ்சுக்கிட்டு மறுபக்கம் அடிச்சா. எல்லாம் இதோ, இந்தக் காதுல."

ஃபிரேமை விட்டுப் பந்து போகக்கூடாது என்ற தவிப்பில் சின்னவள் அதைக் கவனிக்கவே இல்லை. அக்கா ஹெட்போனை எடுத்து அவள் தலையில் மாட்டினாள்.

"கண்ணை மூடிக்கோ. மறுபடி போடறேன்."

சின்னவள் மூடிக்கொண்டாள். இடது காதில் மணி ஓடிவந்து, நின்றது.