ஏப் ஃப்ரீசன் கொடுத்த விளம்பரம்

ஞாயிறு ஆராதனையில் பாட்டுப் புத்தகத்தைத் திறப்பதற்கு முன்னால் சபைத் தாளைப் புரட்டிப் பார்த்துவிட வேண்டும் ஹெலனுக்கு. யாருக்கு ஆபரேஷன், யார் வீட்டில் குழந்தை, அடுத்த வாரம் காபி போடுவது யார் முறை, எல்லாம் அதில்தான் இருக்கும். அன்றைக்கும் மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு கடைசிப் பக்கம் வரைக்கும் வந்தவள் அங்கேயே நின்றுவிட்டாள். ‘பன்றிப் பண்ணையில் முழுநேர வேலைக்கு ஆள் தேவை. குட்டி போடும் அறையில் அனுபவம் இருந்தால் நல்லது. உண்மையாகவே தேடுகிறோம். ஏப் ஃப்ரீசன்.’

பக்கத்தில் அவள் கணவர் ஏப் ஒன்றுமே நடக்காததுபோல மேடையைப் பார்த்துக்கொண்டிருந்தார். முழங்கையால் ஒரு இடி இடித்தாள். மனுஷன் அசையவில்லை. திரும்பிப் பார்த்தாள். கடைசி பெஞ்சில் ஆர்னெல் உட்கார்ந்திருந்தான். கத்தோலிக்கன்தான், ஆனால் அவனுடைய கோயிலுக்கு ஒரு மணி நேரம் கார் ஓட்டவேண்டும் என்பதால் இவர்களோடே வந்து, இவர்களுடைய பாட்டையே நல்ல குரலில் பாடிவிட்டுப் போவான். அவன் கையிலும் அந்தத் தாள் இருந்தது. ஹெலனைப் பார்த்ததும் எப்போதும்போலச் சிரித்தான். அவள் சட்டென்று முன்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அது அவனுடைய வேலை. நாலு வருஷமாக அவன்தான் பார்க்கிறான். பிலிப்பைன்ஸில் மனைவி, ஒரு மகள். இந்த நாட்டிலேயே நிரந்தரமாகத் தங்குவதற்கு எழுதிப் போட்டிருக்கிறான், அது வந்தால் அவர்களைக் கூப்பிட்டுக்கொள்ளலாம். அது வருவதற்குள், இங்கே வேலை செய்வதற்கான பெர்மிட் முடிகிறது. புதுப்பிக்காவிட்டால் அவன் ஊருக்குத் திரும்பவேண்டியதுதான். புதுப்பிக்க வேண்டுமென்றால், இந்த வேலைக்கு உள்ளூரில் ஆள் கிடைக்கவில்லை என்று முதலாளி காட்டவேண்டும். அதற்கு நாலு வாரம் விளம்பரம் போடவேண்டும். வின்னிபெக்கில் இந்தப் பேப்பர் வேலைகளைப் பார்க்கிற ஆலோசகர் பெண் எல்லாவற்றையும் இன்டர்நெட்டில் ஏற்றிக் கொடுத்து, “யாரும் வரமாட்டாங்க, கவலைப்படாதீங்க” என்று சொல்லியிருந்தாள். வரவும் இல்லை. இந்தப் பக்கத்தில் அது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். ஒரு பண்ணையிலிருந்து அப்படி விளம்பரம் வந்தால், அங்கே ஏற்கெனவே ஒரு ஆள் இருக்கிறான், அவனுக்குப் பேப்பர் வேண்டியிருக்கிறது என்று அர்த்தம். பார்த்தும் பார்க்காததுபோல இருந்துவிடுவது ஒரு மரியாதை. மூன்று வாரம் அப்படியே ஓடிவிட்டது. இன்னும் ஒரே வாரம்.

காரில் ஏறிக் கதவைச் சாத்தியதும் பிடித்துக்கொண்டாள்.

“உனக்குப் புத்தி கித்தி இருக்கா ஏப்? சபைத் தாள்ல போடுன்னு யார் கேட்டா?”

“யாரும் கேக்கல.”

“அப்புறம்?”

“யாரும் பாத்துடக் கூடாதுன்னு வேண்டிக்கிட்டே விளம்பரம் போடுறது பொய்யில்லையா ஹெலன்? மூணு வாரமா தூக்கம் இல்ல எனக்கு. நம்ம ஜனங்க கண்ணுல படுற எடத்துல ஒரு தடவையாவது போட்டுட்டா மனசாரத் தேடினேன்னு சொல்லலாம். எப்படியும் எவனும் வரப்போறதில்ல.”

“வந்தா?”

ஏப் கண்ணாடி துடைக்கிற விசையைத் தட்டினார். மழையே இல்லை. காய்ந்த கண்ணாடியில் அது கிறீச் கிறீச்சென்று போய்வந்தது.

மதியம் பாஸ்பா என்கிற காபிப் பலகார நேரத்துக்கு, ஹெலன் மேஜையில் இரட்டை பன்னும் சீஸும் செர்ரி ஜாமும் எடுத்து வைத்துக்கொண்டிருந்தபோது, முற்றத்தில் ஒரு பழைய டிரக் வந்து நின்றது. ஞாயிற்றுக்கிழமை அந்த நேரத்துக்குச் சொல்லாமல் கொள்ளாமல் யார் வந்தாலும் ஒரு தட்டு கூட வைப்பதுதான் வழக்கம். ஆனால் இறங்கினது கார்னி பென்னர் என்று பார்த்ததுமே அவள் கை தட்டின் மேலேயே நின்றது. ஏப்போடு ஒரே வகுப்பில் படித்தவர். முப்பது வருஷம் பன்றிப் பண்ணையில் இருந்தவர். அந்தப் பண்ணையை வசந்தகாலத்தில் மூடிவிட்டார்கள்.

“என்னடா, காபி ஆறிப்போச்சா, இல்ல எனக்குன்னு வெச்சிருக்கியா?” என்று சொல்லிக்கொண்டே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார் கார்னி. இரண்டு பன் சாப்பிட்டார். மூன்றாவதை எடுத்து, கேட்காமலே நாப்கினில் சுற்றி ஓரமாக வைத்தார். அது டீனாவுக்கு. அவருடைய மனைவி டவுனில் முதியோர் இல்லத்தில் இருக்கிறாள். யாரையும் அடையாளம் தெரியாது.

“சாயங்காலம் நான் ஊட்டினாத்தான் வாயத் திறக்குறா,” என்றார். “நர்ஸ் பொண்ணுங்க கெஞ்சிப் பாக்குறாங்க, ம்ஹூம். கோழி ஆலையில வேலை தர்றேங்குறான், ஆனா சாயங்கால ஷிப்ட்டுதான். எப்படிப் போறது? அப்பத்தாண்டா உன் பேரப் பாத்தேன் தாள்ல.” ஜாம் ஒட்டிய விரலைத் துடைத்துக்கொண்டார். “வேற எவன் போட்டிருந்தாலும் சும்மா பேப்பருக்குன்னு விட்டிருப்பேன். ஏப் ஃப்ரீசன் உண்மையாத் தேடுறேன்னு எழுதினா, உண்மைதானே?”

ஏப் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் காது மட்டும் சிவந்துபோயிருந்தது.

ஹெலன்தான் பேசினாள். “கார்னி, அது ஆர்னெல் வேலை.”

கார்னியின் கரண்டி காபிக்குள்ளேயே நின்றது. “அந்தப் பையனுக்குப் பேப்பர் வந்துடுச்சுன்னுல்ல நெனச்சேன். கூட ஒரு ஆளு வேணும்போலன்னு...”

“ரெண்டு பேருக்குக் குடுக்க இங்க வழியில்ல,” என்றார் ஏப் மெதுவாக. “பன்னி விக்கிற விலைக்கு ஒருத்தனுக்கே இழுபறி.”

“அப்ப நான் கேக்கவே இல்லன்னு வெச்சுக்கோ.”

“கேட்டுட்டியே கார்னி. உள்ளூர்ல எத்தன பேர் வந்தாங்கன்னு கவர்மென்ட்ல என்னைக் கேப்பாங்க. நான் என்ன சொல்ல? உன்னை விலகிக்கச் சொல்லிட்டு, யாரும் வரலன்னு சொல்றதும் அதே பொய்தான்.”

கார்னி கரண்டியை எடுத்துத் தட்டில் வைத்தார். பிறகு ஹெலனைப் பார்த்தார். “இவன் சொல்லமாட்டான். நீ சொல்லு. போன்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும், போயிடுறேன். உன் மேல எனக்குக் கோவமெல்லாம் வராது.”

ஹெலன் சொல்லத்தான் நினைத்தாள். அவளுக்கு ஏப் மாதிரி மனசாட்சி ஒவ்வொரு வேலிக்கும் நின்று நிதானித்துத் தாண்டுகிற ரகம் இல்லை. போன கிறிஸ்துமஸுக்கு ஆர்னெலின் மகள் போன் திரையில் முகத்தை ஒட்டிக்கொண்டு, “பாட்டி, அங்க பனி இனிக்குமா?” என்று கேட்டது நினைவுக்கு வந்தது. போ கார்னி. இரண்டே வார்த்தை. வாயைத் திறந்தாள். நாப்கினில் சுற்றிய பன் கண்ணில் பட்டது. அதில் வெண்ணெய் ஊறி ஒரு இடம் பளபளத்தது.

அப்போது கொட்டகையிலிருந்து போன் வந்தது. ஆர்னெல். தாய்ப்பன்றி ஒன்றுக்குக் குட்டி குறுக்கே மாட்டிக்கொண்டிருக்கிறது, இன்னொரு ஆள் வேண்டும். ஏப்பின் விரல்கள் மூட்டுவலியில் மடங்கவே மடங்காது. அவர் எழுவதற்குள் கார்னி எழுந்துவிட்டார். போகட்டுமா என்று யாரையும் கேட்கவில்லை, அவர் கால் அந்தப் பக்கம் திரும்பிவிட்டது, அவ்வளவுதான்.

கொஞ்ச நேரம் கழித்து ஹெலனும் போனாள். இப்போது சொல்லிவிடலாம், தனியாகக் கூப்பிட்டுச் சொல்லிவிடலாம் என்று வழியெல்லாம் மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனாள். பன்றிகளுக்கு நோய் தொற்றாமலிருக்க, கொட்டகைக்குள் யார் நுழைந்தாலும் தலையோடு குளித்து, அங்கே இருக்கிற உடுப்பைப் போட்டுக்கொண்டுதான் போகவேண்டும். முன்னறையில் கார்னியின் ஞாயிற்றுக்கிழமை சட்டை ஆணியில் தொங்கியது. குளியலறைக் கதவுக்குப் பின்னால் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. உள்கதவைப் பாதி திறந்து ஆர்னெல் எட்டிப் பார்த்தான், கையில் துவைத்த உடுப்பு ஒன்று.

“மேடம் ஹெலன், தாளைப் பாத்துட்டு வந்தவர் இவர்தானா?”

அவள் தலையை ஆட்டினாள்.

“ஓ.” உடுப்பைக் குளியலறைக் கதவோரம் பெஞ்சில் மடித்து வைத்தான். மடிப்பைக் கையால் நீவிவிட்டான். “அவருக்குப் பன்னிங்களப் பிடிக்குமா?”

“ஆர்னெல், நான் அவர்கிட்ட பேசுறேன். நீ ஒண்ணும்...”

“அந்தக் கருப்புக் காதுத் தாய்ப்பன்னி இருக்கே, அது ரொம்பப் பயப்படும். சத்தம் போடக் கூடாது,” என்றான். உள்ளே போய்விட்டான்.

ஹெலன் சுவரில் இருந்த சின்னக் கண்ணாடி ஜன்னலோரம் நின்றாள். ஆர்னெல் அளவுக் கால்சட்டை கணுக்காலுக்கு மேலேயே நின்றுபோக, கார்னி உள்ளே வந்தார். மண்டியிட்டார். ரொம்ப நேரம் அவருடைய முதுகு மட்டும்தான் தெரிந்தது. பிறகு குட்டி வந்தது, அதன் பின்னால் மற்றவையும் வந்தன. ஆர்னெல் ஒவ்வொன்றையும் துண்டால் துடைத்து விளக்கின் கீழே விட்டான். எல்லாம் முடிந்ததும் கார்னி கிளம்புவார், கண்ணாடியைத் தட்டிக் கூப்பிடலாம் என்று ஹெலன் விரலை மடக்கி வைத்துக்கொண்டிருந்தாள்.

ஆனால் ஆர்னெல் அவரை அலமாரிப் பக்கம் கூட்டிக்கொண்டு போனான். வேலைக்குப் புதிதாக வந்த ஆளுக்குக் காட்டுவதுபோல, ஒரு கதவைத் திறந்து துண்டுகளைக் காட்டினான். அடுத்ததைத் திறந்து கையுறை, ஊசி, அயோடின். குரல் வெளியே கேட்கவில்லை. ஒவ்வொன்றுக்கும் கார்னி தலையை ஆட்டினார், ஒருமுறைகூட அவன் முகத்தைப் பார்க்காமல். கடைசியில் ஆர்னெல் மூலையில் இருந்த குட்டை ஸ்டூலை, தன் உயரத்துக்குத் தானே பலகை அறுத்துச் செய்துகொண்டதை, இழுத்துவந்து கருப்புக் காதுக்குப் பக்கத்தில் போட்டான். உட்காருங்கள் என்று கை காட்டினான். கார்னி உட்கார்ந்தார். முழங்கால் இரண்டும் நெஞ்சு வரைக்கும் ஏறிவிட்டன. அப்படியே, நகரவும் தெரியாமல், அவர் அந்த ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார்.